நோர்வேயில் நீங்கள் எவடம்?

1

என் மகளுக்கு மாமனாராகப் போகிற கென், கனடாவில், ஒஷாவா நகரத்தில், தன்னுடைய வீட்டு முகப்பில் வருடக்கணக்காகப் பறந்துகொண்டிருந்த நோர்வேக் கொடியை இறக்கிவிட்டார். கலியாணத்துக்கு மூன்று கிழமைதான் இருந்தது. செய்தியை மகள் ஷாமினி தொலைபேசியில் சொன்னாள். விஷயம் கொடியோடு நிற்கவில்லை. கலியாணத்துக்கென்றே தைப்பித்த, வெள்ளிப் பொத்தான் வைத்த நோர்வே மேற்சட்டையை இனிப் போடமாட்டாராம். விருந்தில் பேசவும் மாட்டாராம். மாதா கோயிலுக்கு வந்து கடைசி வரிசை வாங்கில் இருந்துவிட்டுப் போய்விடுகிறேன் என்று மகன் எரிக்கிடம் சொல்லியிருக்கிறார்.

"மனுசனுக்கு என்ன நடந்தது?" என்று கேட்டேன்.

"நீங்களும் பெரியம்மாவும்தான் நடந்தது," என்றாள்.

பிள்ளை ஆங்கிலத்தில் யோசித்துத் தமிழில் அடிப்பாள். வசனம் பிழைத்தாலும் அடி பிழைப்பதில்லை. பெரியம்மா என்று அவள் சொன்னது என் மனைவி றெஜினாவின் தமக்கை திரேசாக்காவை. உண்மையில் வேலையைப் பார்த்தவர் அவர்தான். நான் பக்கத்தில் நின்று ரோல்ஸ் சாப்பிட்டதைத் தவிர வேறு ஒன்றும் செய்யவில்லை. ஆனால் இந்த வீட்டில் பழி பங்குபோட்டுத்தான் கிடைக்கும்.

எரிக்குக்குத் தாய் இல்லை. கலியாண மேடையில் அவன் பக்கத்தில் நிற்கத் தகப்பன் ஒருவர்தான் உண்டு. அவரும் கடைசி வாங்கில் ஒளிந்துகொண்டால் அந்தப் பொடியன் தனித்து நிற்பான். "டாடி, ஹீ க்ரைட்," என்றாள் ஷாமினி. அழுதது தகப்பனா மகனா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

2

இந்த நாட்டில் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் பிறந்த நாட்டை மட்டும் கேட்பார்கள். நாட்டின் பெயரைச் சொன்னால் அலுவல் முடிந்தது. யாழ்ப்பாணத்தார் இருவர் சந்தித்தால் அலுவல் அங்கேதான் தொடங்கும். "ஊரிலை நீங்கள் எவடம்?" ஊரைச் சொன்னால், "அங்கை எந்தப் பக்கம்?" பக்கத்தைச் சொன்னால், "எந்தக் கோயிலடி?" கோயிலடியையும் சொன்னால், "ஆற்றை மகன்?" என்று தகப்பன் வரைக்கும் போகும். தேத்தண்ணி ஆறுவதற்குள் ஆளை வைக்கவேண்டிய இடத்தில் வைத்துவிடுவோம். கடைசியில் அறிய விரும்புவது எது என்று கேட்கிறவருக்கும் தெரியும், பதில் சொல்கிறவருக்கும் தெரியும். அந்தச் சொல்லை மட்டும் ஒருவரும் வாயால் சொல்வதில்லை. நாகரிகமான சனங்கள் நாங்கள்.

திரேசாக்கா இதில் கைதேர்ந்தவர். மார்க்கம் நகரத்துத் தமிழ்க் கடையின் காசு கட்டும் வரிசையில் நின்றபடியே, முன்னால் நிற்கிறவரின் தாய்வழி வரை போய்த் திரும்பிவிடுவார். இறைச்சி வெட்டுகிறவர் முதல் பங்குக் குருவானவர் வரை அவரிடம் தப்பியவர் இல்லை. தங்கை மகள் வெள்ளைக்காரப் பொடியனைக் கட்டப்போகிறாள் என்று அறிந்தபோது அவருக்கு வந்த கவலை, மதமோ நிறமோ அல்ல. விசாரிக்க வழியில்லையே என்பதுதான்.

ஆனாலும் விட்டுவிடுகிற ஆளா? நிச்சயதார்த்தத்துக்கு ஸ்ரௌவ்வில்லில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு கென் வந்தார். ஆறடிக்கு மேலே ஒரு உருவம், மான் படம் பின்னிய கம்பளிச் சட்டை, கையில் ஒரு பொட்டலம். அதற்குள் விறகுபோல் காய்ந்த மீன். எங்கள் நோர்வேப் பரிசு என்று நீட்டினார். திரேசாக்கா மணந்து பார்த்தார்.

"கருவாடு தின்னுற சனம். பிழையில்லை," என்று றெஜினாவின் காதில் சொன்னார்.

பிறகு தேத்தண்ணிக் கோப்பையோடு கென்னுக்கு எதிரே உட்கார்ந்தார். இனிமேல் கென் பேசுகிற ஆங்கிலத்தை நான் எங்கள் தமிழில்தான் தரப்போகிறேன். அவர் கொஞ்சம் யாழ்ப்பாணத்தாராகத் தெரிந்தால் குற்றம் என்னுடையது.

"நோர்வேயிலை நீங்கள் எவடம்?"

கென்னின் முகம் மலர்ந்ததைப் பார்க்கவேண்டும். அறுபத்தெட்டு வயதுவரை ஒஷாவாவில் அவரை ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை. கார்த் தொழிற்சாலையில் வேலை செய்த காலம் முழுவதும் அவர் தன்னை வைக்கிங் என்று சொல்லிக்கொள்ள, மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போனார்களாம். இப்போதுதான் ஒரு மனுஷி முறையாக விசாரிக்கிறார்.

"என்ரை அப்பப்பா பேர்கன் பக்கம்."

"பக்கம் எண்டால்? பட்டினத்துக்கு வடக்கோ தெற்கோ?"

"அது... கடலோரம் எண்டு நினைக்கிறன்."

"நினைக்கிறியளோ? தெரியாதோ? கோயில் எது?"

கென் கோப்பையைக் கீழே வைத்தார். நான் ரோல்ஸை அவர் பக்கம் தள்ளி அந்த இடத்தைக் கடக்கப் பார்த்தேன். திரேசாக்கா என்னைப் பார்த்துத் தமிழில், "பாவம், ஊரே தெரியாமல் இவ்வளவு காலம் இருந்திருக்கிறார்," என்றார். நல்லவேளை, கென்னுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் பாவம் பார்க்கிற முகம் எந்த மொழியிலும் ஒன்றுதானே.

அடுத்த கிழமையே கென் எரிக்கைக் கூப்பிட்டு, எச்சிலைத் துப்பி அனுப்பினால் பூர்வீகம் சொல்லுகிற குழாயை வாங்கித்தரச் சொல்லியிருக்கிறார். திரேசாக்கா கேட்ட கேள்விக்குக் கலியாணத்துக்கு முன்னர் பதில் சொல்லவேண்டும் என்று மனுசன் தவித்திருக்கிறார். மலிவு விற்பனை நேரம், எரிக் இரண்டாக வாங்கிக் கொடுத்தான்.

3

பதில் வந்தது. கால்வாசி பின்லாந்து. மிச்சம் ஸ்கொட்லாந்தும் இங்கிலாந்தும். நோர்வே ஏதோ கறிக்கு உப்புப் போட்டதுபோல, அதுவும் பிரஷர்காரருக்குப் போடுகிற உப்பு.

கென்னின் மற்ற மூன்று பாட்டன் பாட்டிமாரும் பிரித்தானியத் தீவுகளில் இருந்து வந்தவர்கள். அது அவருக்குத் தெரியும். ஆனால் அந்த மூன்று பேரையும் அவர் ஒரு கணக்கிலும் எடுத்ததில்லை. தன் பெயரும் கொடியும் காய்ந்த மீனும் அந்த ஒரு அப்பப்பாவிடம் இருந்து வந்தவை என்றுதான் வாழ்ந்திருக்கிறார். இப்போது அந்தக் கால்வாசி அப்படியே பின்லாந்தாகக் காட்டுகிறது. அவர் சின்ன வயதில் அப்பப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு போன நோர்வேச் சங்கத்து மண்டபத்துக்கும் போவதை நிறுத்திவிட்டார்.

ஷாமினி ஒரு ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் மரபணு பார்க்கிறவள். ஞாயிறு மத்தியானம் வீட்டுக்கு வந்து, மடிக்கணினியைச் சாப்பாட்டு மேசையில் திறந்தாள். திரேசாக்காவும் மூக்குக் கண்ணாடியோடு வந்து உட்கார்ந்தார். திரையில் நிறநிறமாகப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு ஆள். மரபணு ஒத்துப்போகிறவர்கள் கிட்டக்கிட்ட இருப்பார்கள் என்றாள்.

"இஞ்சை பாருங்கோ. நோர்வே, சுவீடன், டென்மார்க். எல்லாம் ஒண்டுக்கு மேல ஒண்டு. போர்டர் எங்க எண்டு தெரியுதா? ஸ்கொட்லாந்துக்கு வடக்கு தீவுகள் கூட இதுக்குள்ள கொஞ்சம் வந்திடும்."

எனக்கு எங்கள் ஊர்ச்சங்கத்தின் கோடைகால ஒன்றுகூடல்தான் ஞாபகம் வந்தது. ஒரே பூங்காவில் நான்கு அடுப்புப் புகையும். ஒவ்வொரு அடுப்பைச் சுற்றியும் ஒவ்வொரு கூட்டம். ஆனால் எந்த இடத்தில் ஒரு கூட்டம் முடிந்து மற்றது தொடங்குகிறது என்று கோடு போட முடியாது. பிள்ளைகள் எல்லா அடுப்பிலும் சாப்பிடுவார்கள்.

"இது ஆர், தூரத்திலை தனியா நிக்கினம்?" என்று திரேசாக்கா ஒரு மூலையைத் தொட்டார்.

"அதுதான் பின்லாந்து, பெரியம்மா. சின்னக் கூட்டமா போய், கனகாலம் தங்களுக்குள்ளயே மெரி பண்ணினவை. ஸோ, கம்பியூட்டர் அவையை லேசாப் பிடிச்சிடும்."

தங்களுக்குள்ளேயே என்றதும் திரேசாக்காவின் முகத்தில் பின்லாந்து பற்றி முதல் தடவையாக ஒரு மரியாதை தெரிந்தது. "நல்ல சனம்தான்," என்றார். ஷாமினி கண்களை மேலே உருட்டினாள்.

"எத்தனை கூட்டம் எண்டு ஆர் தீர்மானிக்கிறது?" என்று நான் கேட்டேன்.

"நாங்கள்தான். அஞ்சாப் பிரி எண்டால் அஞ்சாப் பிரிக்கும். எட்டு எண்டால் எட்டு."

ரொறன்ரோவின் பார்க்டேலில் ஒரு அடுக்குமாடியின் கீழ்த்தள அறையில் தொடங்கிய எங்கள் சங்கம் இன்றைக்கு எத்தனை என்று நினைத்துப் பார்த்தேன். முதலில் இரண்டு, பிறகு ஆற்றை மகன் தலைவர் என்பதில் மூன்று, பிறகு கோயிலடியால் நான்கு. எங்களை இப்படிப் பிரி என்று எந்தக் கணினியும் கேட்கவில்லை.

ஷாமினி சொன்னதில் எனக்குப் பிடிபட்டது இதுதான். இந்தக் கம்பனிகள், நாலு பாட்டன் பாட்டிமாரும் ஒரே இடம் என்று சொல்லுகிறவர்களைச் சேர்த்துப் பெட்டி பெட்டியாக வைத்திருக்கின்றன. புதிதாக வருகிற எச்சிலை எந்தப் பெட்டியோடு கூடப் பொருந்துகிறதோ அதில் போடும். நான் ஓய்வுபெறும்வரை பொதி பிரிக்கிற வெயர்ஹவுஸில்தான் நின்றவன். முகவரி பாதி அழிந்த பொதி வந்தால் கிட்டத்தட்டப் பொருந்துகிற கூண்டில்தான் போடுவோம். கூண்டே இல்லாத ஊருக்கு வந்தால் பக்கத்து ஊர்க் கூண்டு. அதற்காகப் பொதி அந்த ஊருக்குரியது என்று அர்த்தமில்லை.

"எக்ஸாக்ட்லி, டாடி!" என்றாள் ஷாமினி. அவள் என்னை மெச்சிப் பல வருடங்கள். சங்கோஜத்தில் கறிச்சட்டியை எடுத்து மூடினேன்.

"அப்ப வெளிக்கிடுங்கோ," என்று திரேசாக்கா எழும்பினார். "மனுசனை நான் கேட்ட கேள்வியாலைதானே முறிச்சது. கேட்டே நிமித்துவம்."

4

ஒஷாவாவில் கொடிக்கம்பம் மொட்டையாக நின்றது. கதவைத் திறந்த கென் மான் போட்ட சட்டை போடவில்லை. சாம்பல் நிறத்தில் வெறும் பெனியன். வாடகைக்கு வந்து இருப்பவர்போலத் தன் வீட்டுக்குள்ளேயே ஓரமாக உட்கார்ந்தார். எரிக் கோப்பி போட்டான். எனக்கு அந்தப் பெரிய மனுசனைப் பார்க்க உண்மையாகவே துக்கமாக இருந்தது.

திரேசாக்கா சுற்றிவளைக்கவில்லை. "அப்பப்பா பேர்கன் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

"வீட்டிலை எல்லாரும். அங்கையிருந்துதானே கப்பல் ஏறினவர்."

திரேசாக்கா கோப்பியை மேசையில் வைத்தார்.

"கப்பல் ஏறின இடம் ஊரோ? அப்படியெண்டால் ரொறன்ரோவிலை இருக்கிற தமிழர் முழுப்பேரும் கொழும்பு ஆக்களெல்லோ?"

நான் சிரித்துவிட்டேன். கென் சிரிக்கவில்லை. அவருடைய நெற்றி சுருங்கியது. அறுபத்தெட்டு வருடமாகத் தோன்றாத ஒரு சந்தேகம் அங்கே மெல்ல நடமாடத் தொடங்கியது.

"அவர் என்ன சாப்பிடுவார்? எப்பிடிச் சாப்பிடுவார்?"

"மீன். உருளைக்கிழங்கு. பிறகு..." கென் தயங்கினார். "கோப்பிக்குள்ளை சீஸ் துண்டைப் போட்டு ஊறவிட்டுத் தின்னுவார். அப்பம்மாவுக்கு அருவருப்பு. கிழவரின்ரை குறும்பு எண்டு விட்டிட்டம்."

ஷாமினி எரிக்கைப் பார்த்தாள். எரிக் தொலைபேசியை எடுத்தான்.

"எங்கட ஆக்கள் பனங்கட்டியைக் கடிச்சுக்கொண்டு தேத்தண்ணி குடிக்கிறதை இவைக்குச் சொன்னால் அதையும் குறும்பு எண்டுதான் சொல்லுவினம்," என்று திரேசாக்கா எனக்குச் சொல்லிவிட்டு, திரும்பவும் கென்னிடம், "வளவிலை என்ன கட்டினவர்?" என்றார்.

"ஒரு சின்னப் பலகைக் கொட்டில். உள்ளுக்கை கல்லைச் சூடாக்கித் தண்ணி ஊத்துவார். ஆவியிலை குந்திக்கொண்டு இருப்பார்."

"கோபம் வந்தால் எந்தப் பாஷையிலை பேசுவார்?"

கென் கோப்பிக் கோப்பையை ஓரமாகத் தள்ளினார். பிறகு, "அது ஒருத்தருக்கும் விளங்காது," என்றார். "மண்டபத்திலை இருந்த மற்ற நோர்வேக் கிழவர்களுக்கும் விளங்காது. பழைய காட்டுப் பேச்சு எண்டு சிரிப்பினம். அவரும் சேர்ந்து சிரிப்பார்."

எரிக்கும் ஷாமினியும் திரையில் வாசித்ததை மாறி மாறிச் சொன்னார்கள். நோர்வேயின் வடகோடியில் க்வென் என்று ஒரு சனம் உண்டு. பல தலைமுறைகளுக்கு முன் பின்லாந்துப் பக்கத்தில் இருந்து மீனுக்கும் நிலத்துக்கும் போய்க் குடியேறியவர்கள். பின்னாளில் பள்ளிக்கூடங்களில் அவர்களுடைய மொழியைத் தடுத்தார்கள். கனபேர் அதை மறைத்து நோர்வேக்காரராகவே வளர்ந்தார்கள். கோப்பியில் சீஸ், ஆவிக் கொட்டில், எல்லாம் அந்தப் பக்கத்துப் பழக்கம்.

"ஆனா ஷ்யூர் எண்டு சொல்ல ஏலாது. மே பீ," என்றாள் ஷாமினி. "பின்லாந்தில இருந்து நேராவும் வந்திருக்கலாம்."

"இருக்கலாம் எண்டால் காணும்," என்றார் திரேசாக்கா. "எங்கட ஊரிலை முக்கால்வாசிக் கலியாணம் இருக்கலாம் எண்டதிலைதான் நடந்தது."

கென் கைகளைப் பிசைந்துகொண்டிருந்தார். "அப்ப ஏன் மறைச்சவர்? என்னட்டையாவது சொல்லியிருக்கலாமே? நான் அவரின்ரை மடியிலை வளர்ந்தவன்."

இதற்கு ஷாமினியின் திரையில் பதில் இல்லை. எனக்குப் பதில் தெரியும், ஆனால் சொல்ல விருப்பமில்லை. ரொறன்ரோவில் வந்து இறங்கிய கையோடு தன் ஊரை ஒரு கட்டைத் தூரம் தள்ளி வைத்தவர்களை எனக்குத் தெரியும். ஒழுங்கையைச் சொல்லாமல் பெரிய வீதியைச் சொல்லுவார்கள். கோயிலடி கேட்டால் பக்கத்துக் கோயிலைச் சொல்லுவார்கள். நாங்களும் விளங்காததுபோலத் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து சிரிப்போம்.

பதில் சொன்னது திரேசாக்காதான், அதுவும் நான் எதிர்பாராத ஒரு தணிந்த குரலில்.

"பிள்ளையளையும் பேரப்பிள்ளையளையும் ஒருத்தரும் கீழாப் பார்க்கக்கூடாது எண்டுதான், கென். வேறையென்ன."

கென் எழும்பி உள்ளே போனார். திரும்பி வந்தபோது கறுப்பு மேற்சட்டையைப் போட்டிருந்தார், பெனியனுக்கு மேலேயே. வெள்ளிப் பொத்தான்கள் வயிற்றடியில் கொஞ்சம் இழுபட்டன. எரிக் எழுந்து போய்த் தகப்பனைக் கட்டிப்பிடித்தான். ஷாமினி மூக்கைச் சிந்தினாள். அப்பப்பா நோர்வேக்காரனாக இருக்க எவ்வளவு பாடுபட்டிருக்கிறார், அதை நான் ஏன் கழற்றவேண்டும் என்றார் கென். மேடையில் மகன் பக்கத்தில் நிற்பாராம், பேசவும் பேசுவாராம். எனக்கும் கண் கலங்கியது. அதை மறைக்க அந்தக் கோப்பியைக் குடித்தேன்.

அதோடு நாங்கள் வெளிக்கிட்டிருக்கலாம். ஆனால் கென் மேற்சட்டையின் பையில் இருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்தார். எரிக் வாங்கின இரண்டாவது குழாய்.

"இது சும்மா கிடக்குது. என்னை இவ்வளவு கேட்டனீங்கள். இப்ப நீங்கள் துப்புங்கோ. சம்பந்திகள் எல்லாரும் ஒரே படத்திலை நிப்பம்." மனுசன் ஆசையாகத்தான் கேட்டார்.

திரேசாக்கா குழாயை வாங்கி மூடியைத் திறந்தார். வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனார். எல்லோரும் காத்திருந்தோம். ஒன்றும் நடக்கவில்லை.

"வாய் காய்ஞ்சு போச்சு," என்றார்.

திரேசாக்காவுக்கு! மார்க்கம் முழுவதையும் பேசியே களைக்கப்பண்ணிய வாய். ஷாமினி சிரிக்கத் தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். எரிக் தண்ணீர் எடுக்க எழும்பினான்.

கென் மட்டும் சிரிக்கவில்லை. அவர் குனிந்து, அக்காவின் விரல்களில் இருந்து குழாயை மெதுவாக எடுத்து மூடிப் பெட்டிக்குள் வைத்தார். "அவசரமில்லை," என்று சொல்லி, பெட்டியை அக்காவின் கைப்பைக்குள் வைத்துவிட்டு, கருவாடு இன்னும் இருக்கிறது, கொண்டுபோங்கோ என்று பேச்சை மாற்றினார்.

5

ஷாமினி அங்கேயே நின்றுகொண்டாள். காரில் நானும் திரேசாக்காவும் மட்டும். நெடுஞ்சாலையில் வாகனங்கள் ஊர்ந்தன. அவர் கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தார். முன்னால் போகிற வாகனத்தைப் பார்த்து ஒரு குறையும் சொல்லவில்லை. அவரோடு காரில் போன இத்தனை வருடத்தில் எனக்கு அது புதிது.

"தம்பி."

"என்னக்கா?"

"உதிலை துப்பினால் ஊர் மட்டுமோ வரும்? இல்லாட்டி... மற்றதும் வருமோ?"

மற்றது எது என்று நான் கேட்கவில்லை. இத்தனை பேரைக் கேட்டுக் கேட்டு நிறுத்துப் பார்த்த மனுஷி, தன்னைத் தராசில் வைக்கப் பயந்துபோய் இருந்தார். அவர் மீது எனக்குக் கோபம் வந்திருக்கவேண்டும். இரக்கம்தான் வந்தது.

"அது வராதக்கா. அவங்களுக்கு அப்பிடி ஒண்டு இருக்கிறதே தெரியாது."

திரேசாக்கா பெருமூச்சு விட்டுச் சாய்ந்தார். கைப்பையைப் பிடித்திருந்த கைகள் தளர்ந்தன. போத்தலைத் திறந்து மடக்கு மடக்கென்று தண்ணீர் குடித்தார். அடுத்த இரண்டு வெளிவழிகள் கழியும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு அவருடைய பழைய குரல் திரும்பி வந்தது.

"அப்ப பிறகென்ன பிரயோசனம், உந்தச் சாமானாலை?"